கார் ஏசியில் வருடா வருடம் கேஸ் குறைவது ஏன்? மரக்காணம் உப்புக் காற்றும் 2028 கட்டுப்பாடும்

சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டது என்று பெயர்ப் பலகை சொல்ல வேண்டியதில்லை. பாத்தி பாத்தியாக விரியும் உப்பளங்களும், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களும் சொல்லிவிடும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில் 3,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் உப்பு விளைகிறது. வெயிலும் காற்றும் பலமாக இருந்தால் உப்புக்கு நல்லது. ஆனால், அதே வெயிலில் அதிகமாக உழைத்து, அதே காற்றில் சீக்கிரம் அரிக்கப்படும் பொருள் ஒன்று உண்டு. அது இந்தச் சாலையில் ஓடும் வாகனங்களின் ஏசி.

கோடை தொடங்கியதும் கடலோர ஊர்களில் டாக்ஸி, வேன் ஓட்டுபவர்கள் சொல்வது இதுதான்: "கூலிங் கம்மியா இருக்கு, கேஸ் அடிக்கணும்." ஒர்க்‌ஷாப்பிலும் பதில் தயாராக இருக்கும்: "ஃபில் பண்ணிடலாம் சார், அரை மணி நேர வேலை." பணம் கொடுத்ததும் கூலிங் வந்துவிடுகிறது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே பேச்சு. போன வருடம் அடித்த கேஸ் எங்கே போனது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதன் செலவு இனி கூடப்போகிறது. கார் ஏசி கேஸையும் உள்ளடக்கிய ரசாயனங்களுக்கு 2028 முதல் இந்தியாவுக்கு சர்வதேச உச்சவரம்பு வருகிறது.

ஏசி கேஸ் தீர்ந்து போகுமா?

தீராது. பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் ஒரே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டு திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. பிறகு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, கேபின் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரசருக்குப் போகிறது.

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சிறிய, நடுத்தர கார்களில் அதன் அளவு ஏறத்தாழ 350 முதல் 550 கிராம் வரை. ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் வழியாக மிகச் சிறிய அளவு கசிவது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியம் கார் ஏசிக்கு வகுத்த விதியில், ஒரு கூலிங் காயில் உள்ள அமைப்பிலிருந்து ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது. அந்த உச்ச அளவிலேயே கசிந்தாலும், 450 கிராம் கொண்ட காரில் ஓர் ஆண்டில் குறைவது 10 சதவீதத்துக்கும் கீழேதான். அதனால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால், எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள்.

உப்புக் காற்று என்ன செய்கிறது?

கடல் அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று உள்ளே தூக்கி வருகிறது. கரையை ஒட்டிய இடத்தில் இந்த உப்புப் படிவு மிக அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறைகிறது. மரக்காணம் மாதிரியான இடங்களில் கடலோடு உப்பளங்களும் உப்பு ஏற்றிய லாரிகளும் சேர்ந்துகொள்கின்றன.

கண்டென்சர் அலுமினியத்தால் ஆனது. வெப்பம் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதற்காக அதன் குழாய்களின் சுவரை மிக மெல்லியதாக வைத்திருப்பார்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்று முழுவதும் அதன் மீதுதான் மோதுகிறது. அந்தக் காற்றில் வரும் உப்பு, மெல்லிய தகடுகளுக்கு இடையில் படிந்துவிடுகிறது.

உப்பு மட்டும் படிந்தால் பெரிய பாதிப்பில்லை. ஈரம் சேர்ந்தால்தான் ஆபத்து. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு கசிந்துபோவது இதனால்தான். கடலோரத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுகிறது. அதாவது, பகலில் படிந்த உப்பு இரவில் உப்புநீராக மாறி அலுமினியத்தின் மீது நிற்கிறது. அலுமினியத்தைப் பாதுகாக்கும் ஆக்சைடு படலத்தை குளோரைடு ஊசிமுனை அளவில் துளைக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தத் துளை வழியாக கேஸ் மாதக்கணக்கில் கசியும்.

கடலோர அரிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி இல்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்திருக்கிறது. மண்டபம், தூத்துக்குடி கடலோரங்களில் ஆய்வு மையங்களையும் நடத்துகிறது. பாலம், மின்கம்பம், கட்டடக் கம்பி என்றால் இந்த அரிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். கார் ஏசிக்கு மட்டும் "கேஸ் கம்மி" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

லீக் என்றால் கண்டென்சர் மட்டும்தான் என்றும் இல்லை. காய்ந்துபோன ஓ-ரிங், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல், ஹோஸ் இணைப்பு, கேஸ் ஏற்றும் வால்வு என எங்கிருந்தும் வரலாம். டயர் வால்வுக்கு இருப்பது போல ஏசி வால்வுக்கும் மூடி உண்டு. அது தொலைந்துபோயிருந்தால் வாங்கிப் போட்டுவிட வேண்டும். மணலும் உப்பும் வால்வுக்குள் போகாமல் தடுப்பது அதுதான்.

கூலிங் குறைந்தால் எப்போதும் கேஸ்தான் காரணமா?

அதுவும் இல்லை. கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கலாம். கண்டென்சர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். அப்படியானால் நெடுஞ்சாலையில் கூலிங் வரும், டிராஃபிக்கில் நின்றால் போய்விடும். கண்டென்சர் தகடுகளை மண்ணும் உப்பும் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். கம்ப்ரசர் கிளட்ச், டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரிக்கும் தட்டு ஆகியவற்றிலும் கோளாறு இருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் நேராக கேஸ் ஏற்றினால், சரியான அளவு இருந்த காரில் அதிகப்படியாகிவிடும். கேஸ் அதிகமானாலும் கூலிங் குறையும். அழுத்தம் கூடி கம்ப்ரசருக்கும் கேடு.

முறையான சர்வீஸ் எப்படி நடக்க வேண்டும்?

முதலில், உள்ளே மீதமிருக்கும் கேஸை மெஷின் மூலம் சிலிண்டரில் உறிஞ்சி எடுத்து எடை பார்க்க வேண்டும். இதற்கு ரெக்கவரி என்று பெயர். 450 கிராம் இருக்க வேண்டிய காரில் 200 கிராம்தான் வந்தது என்றால், எவ்வளவு கசிந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, லீக் எங்கே என்று கண்டுபிடிப்பது. உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக் டிடெக்டர் உண்டு. புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம் கலந்தும் பார்க்கலாம். கண்டுபிடித்த பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும்.

மூன்றாவது, வேக்கம். பைப்பைத் திறந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். வேக்கம் பம்ப் அழுத்தத்தை வெகுவாகக் குறைக்கும்போது, உள்ளே இருக்கும் நீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பம்பை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது பெயருக்குச் செய்வதுதான். பம்பை நிறுத்திய பிறகும் கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பது இன்னொரு லீக் சோதனை.

கடைசியாக கேஸ் ஏற்றுவது. அதை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பதைப் பெரும்பாலான கார்களில் பானெட்டுக்குள் இருக்கும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். பல இடங்களில் கேஜ் முள்ளைப் பார்த்து மட்டும் கேஸ் ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வரும் எல்பிஜி சிலிண்டரை நினைத்துப் பார்த்தால் இதில் உள்ள சிக்கல் புரியும். உள்ளே 14.2 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும், திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பநிலைக்குத் தகுந்துதான் அது மாறும். அதனால்தான் சிலிண்டரை எடை போட்டு வாங்கச் சொல்கிறார்கள். நிறுத்தி வைத்த கார் ஏசிக்கும் அதே இயற்பியல். இன்ஜின் ஓடும்போது கேஜ் நிறைய தகவல் தரும் என்பது உண்மைதான். ஆனால், அந்த எண்ணும் வெயில், ஈரப்பதம், இன்ஜின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடியது.

கசிந்த கேஸ் என்ன ஆகிறது?

நேராக வளிமண்டலத்துக்குப் போகிறது. ஆர்-134ஏ ஓசோன் படலத்தைப் பாதிக்காது. ஆனால், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட மிக வலிமையானது. மான்ட்ரியல் ஒப்பந்தக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

அதன்படி, ஒரு காரின் 450 கிராம் கேஸ் முழுவதும் வெளியேறினால் அது சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. ஆக, அது சுமார் 280 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 16 கி.மீ. தரும் கார் அதில் 4,500 கி.மீ. போகும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறக்குறைய 15 முறை போய் வரும் தூரம் அது. புகைபோக்கி வழியாக வரும் புகைக்கு மாசுச் சான்றிதழ் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

ஆர்-12-லிருந்து கிகாலி வரை

கார் ஏசி கேஸ் மாறுவது இது முதல் முறை அல்ல. முன்பு இருந்தது ஆர்-12. அது ஓசோன் படலத்தை அரித்ததால், 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் உலகம் முழுவதும் படிப்படியாக விலக்கப்பட்டது. இந்தியாவில் புதிய கார்களில் அதைப் பயன்படுத்த 2003 தொடக்கத்திலிருந்து தடை. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்-134ஏ.

ஓசோன் பிரச்சினை தீர்ந்தது, வெப்பப் பிரச்சினை நின்றது. 2016 அக்டோபரில் ருவாண்டா தலைநகர் கிகாலியில் கூடிய நாடுகள், ஹெச்எஃப்சி எனப்படும் இந்த வகை கேஸ்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் அதற்கு ஒப்புதல் அளித்தது.

இந்தியாவுக்கான அட்டவணை இதுதான்: 2024, 2025, 2026 ஆகிய 3 ஆண்டுகளின் சராசரி ஹெச்எஃப்சி பயன்பாட்டோடு, பழைய ஹெச்சிஎஃப்சி வகை கேஸ்களின் அடிப்படை அளவில் 65 சதவீதத்தைச் சேர்த்து ஓர் அடிப்படை அளவு கணக்கிடப்படும். 2028-ல் அந்த அளவோடு வளர்ச்சி நிறுத்தப்படும். அதிலிருந்து 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20 சதவீதம், 2042-ல் 30 சதவீதம், 2047-ல் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

அப்படியானால் 2028-க்குப் பிறகு பழைய காருக்கு கேஸ் கிடைக்காதா? கிடைக்கும். இது நாட்டின் மொத்த உற்பத்தி, பயன்பாட்டுக்கான வரம்பு. கார் வைத்திருப்பவர் மீதான தடை அல்ல. ஆனால், இந்த வரம்பு கரியமில வாயுவுக்குச் சமமான அளவில் கணக்கிடப்படுகிறது. வீட்டு ஏசி, குளிர்பதனக் கிடங்கு, கார், பஸ், லாரி எல்லாமே ஒரே கணக்கிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டைக் கண்டென்சரில் வருடா வருடம் ஊற்றும் ஒவ்வொரு கிலோ கேஸும் அந்தக் கணக்கிலிருந்து போகிறது.

விலை என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா ஒரு முன்னுதாரணம். அங்கு ஒதுக்கீடு இறுக்கப்பட்டபோது, 2017, 2018-ல் ஹெச்எஃப்சி கேஸ்களின் விலை பல மடங்கு ஏறியது. கள்ளக் கடத்தலும் வளர்ந்தது. இந்தியாவில் தொடக்கத்தில் குறைப்பு மெதுவானது என்பதால் அதே வேகத்தில் விலை ஏற வேண்டும் என்பதில்லை. ஆனால், போகும் திசை அதுதான்.

புதிய கார்களில் என்ன வருகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கூடாது. அங்கு பரவலாக வந்திருப்பது ஆர்-1234ஒய்எஃப். அதன் வெப்பமாக்கும் திறன் ஏறக்குறைய கரியமில வாயு அளவுதான். ஆனால் விலை மிக அதிகம். லேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு. கருவிகளும் தனி. அந்த கேஸுக்கான காரில் விலை குறைவு என்று ஆர்-134ஏ ஏற்றுவது தவறு.

மின்சார கார்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல மாடல்களில் ஏசி கேஸ்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால், மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை ஆயில் தேவை. பெட்ரோல் காருக்கு ஊற்றும் ஆயிலை இதில் கலந்தால் மின்காப்பு பாதிக்கப்படும்.

லாரி கேபினுக்கும் ஏசி வந்தாச்சு

3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற அறிவிக்கையை மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்டது. 2025-ல் தயாராகும் வாகனங்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இன்ஜின் சூட்டோடு பல மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு இது சொகுசு அல்ல. உடம்பு வற்றுவதும், களைப்பில் கண் அசருவதும் விபத்தில் முடியும்.

ஆனால், மரக்காணம் பாத்தியில் உப்பு ஏற்றும் லாரியின் கண்டென்சருக்கு மூன்றாவது வருடத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி இனிமேல்தான் வரும். ஏசி பழுதான மூடிய கேபின், ஜன்னல் திறந்த பழைய கேபினைவிட மோசமாகிவிடும். சரிசெய்யும் செலவை யார் ஏற்பது, ஓனரா டிரைவரா என்ற பிரச்சினையும் சேர்ந்தே வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2019 மார்ச்சில் வெளியான இந்திய குளிர்விப்புச் செயல்திட்டம், 2037-38-க்குள் குளிர்பதன கேஸ் தேவையை 25 முதல் 30 சதவீதம் வரை குறைக்க இலக்கு வைத்தது. 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதாகவும் சொன்னது. சர்வீஸ் துறையின் முக்கியத்துவத்தை அரசு புரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று.

ஆனால் கார் ஏசியில் இடைவெளி இருப்பது கடைசி மைலில். அமெரிக்காவில் கேஸை வேண்டுமென்றே காற்றில் விடுவது 1990-களிலிருந்தே சட்டவிரோதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ம் ஆண்டு விதி இன்னும் ஒரு படி மேலே போய், இயல்புக்கு மாறாகக் கசிந்த காரில், லீக்கைச் சரிசெய்யாமல் இவ்வகை கேஸை நிரப்பக் கூடாது என்று சர்வீஸ் கடைகளுக்கே கட்டளையிடுகிறது. தமிழ்நாட்டின் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு கட்டுப்பாடு உணரப்படுவதில்லை.

பழியை மெக்கானிக் மீது போடுவதும் சரியாகாது. ரெக்கவரி மெஷின் விலை அதிகம்; சிறிய கடைக்குக் கட்டுப்படியாகாது. லீக் தேட ஒரு மணி நேரம் எடுத்தால் அதற்குக் கூலி தர வாடிக்கையாளர் தயாராக இல்லை. "பக்கத்துக் கடையில கம்மி விலைக்கு அடிக்கிறாங்களே" என்று போய்விடுகிறார். நேர்மையாக லீக் தேடும் கடை நஷ்டப்படுகிறது. பல கடைகள் பகிர்ந்துகொள்ளும் ரெக்கவரி மெஷின், மானிய விலையில் கருவிகள், சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குக்கு அடையாள அட்டை மாதிரியான ஏற்பாடுகள் இல்லாமல் வெறும் விதி போட்டால் அது காகிதத்தில்தான் இருக்கும்.

விலை மலிவான கேஸில் என்ன ஆபத்து?

கேஸ் விலை ஏறும்போது போலியும் வரும். 2011-ல் கப்பல்களில் செல்லும் குளிர்சாதன கன்டெய்னர்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த கேஸ் ஏற்றப்பட்டது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே தீப்பிடிக்கும் சேர்மத்தை உருவாக்கியது. வியட்நாம், பிரேசில் நாடுகளில் நடந்த வெடிப்புகளில் 3 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதனால் லேபிள் இல்லாத டப்பா, எல்பிஜி கலவை இவற்றை ஏற்ற விடக் கூடாது. ஆன்லைனில் டப்பா வாங்கி வீட்டிலேயே ஏற்றிப் பார்ப்பதும் வேண்டாம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைந்து புண்ணாகும்.

அடுத்த முறை கடையில் என்ன கேட்க வேண்டும்?

• "இருக்கிற கேஸை எடுத்து எடை பார்த்தீங்களா, எத்தனை கிராம் குறைஞ்சிருக்கு?"

• "லீக் எங்கேன்னு பார்த்தீங்களா? எப்படிப் பார்த்தீங்க?"

• "வேக்கம் எவ்வளவு நேரம் ஓடும்? நிறுத்தின பிறகு முள் நிக்குதா?"

• "ஸ்டிக்கர்ல இருக்கிற கிராம் அளவுக்கு எடை போட்டு ஏத்துறீங்களா?" ஏற்றிய அளவை பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். அடுத்த ஆண்டு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

• கடலோரத்தில் இருப்பவர்கள், அடிக்கடி போய் வருபவர்கள் இன்ஜின் ஆறியதும் முகப்பு கிரில் வழியாக நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவலாம். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் தகடுகள் மடங்கும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவக் கூடாது. உப்பைப் போக்க உப்பையே ஊற்றியது போலாகும்.

• மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடம் ஏசியை ஓட விட்டால், ஆயில் சுற்றி சீல்கள் காயாமல் இருக்கும்.

லீக்கைச் சரிசெய்யும் செலவு முதல் முறை கூடுதலாகத் தெரியும். கண்டென்சரே மாற்ற வேண்டி வந்தால் கை கடிக்கவும் செய்யும். ஆனால் வருடா வருடம் கேஸ் அடிக்கும் செலவையும், அது ஏறப்போகும் விலையையும், பாதி கேஸில் ஓடித் தேயும் கம்ப்ரசரையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் லாபம் லீக்கை அடைப்பதில்தான். 2028-க்கு நாடு தயாராகும் வழிகளில் மிக மலிவானதும் அதுவே. புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கேஸ் அடிப்பதற்கு முன், போன வருடம் அடித்தது எங்கே போனது என்று பார்த்துவிட்டால் போதும்.